குர்துபா முதல் கர்னாதா வரை: ஒரு பயணமும் சில உணவுகளும்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)





2024 அக்டோபர் மாதத்தில் நாங்கள் ஒன்பது பேர் ஸ்பெயின் நாட்டின் பழம்பெரும் நகரங்கள் நான்கைக் கண்டு வந்தோம். அது குறித்துப் பேச வேண்டுமென்று நிர்வாகக் குழுவினர் பணித்தார்கள். வேறு ஊராக இருந்தால் இப்படியொரு பயணம் பெரிய செய்தியாக இருக்கும். நம் புதுச்சேரிக்கு அது புதிதல்ல. 1956 மே 28 அன்று கையெழுத்தாகி, 1962 ஆகஸ்ட் 16 அன்று நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம் நம் மக்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்துகொள்ளும் வாய்ப்பை அளித்தது. அவ்வாறு தேர்ந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று பாரிஸைச் சுற்றி வாழ்கிறார்கள். அப்படி ஒரு குடும்பத்தார்தாம் எங்களை அழைத்தார்கள். பிரான்ஸுக்குப் பெற்ற ஷெங்கன் விசாவிலேயே ஸ்பெயினுக்கும் செல்ல முடியும் என்பதால் பயணம் நீண்டது.

ஸ்பெயின் என்றாலே நம் மேடைகளில் ஒரு வழக்கமான பேச்சு உண்டு. எண்ணூறு ஆண்டுகள் ஆண்டோம், அல்ஹம்ராவைக் கட்டினோம், இழந்தோம் என்று முழங்கிவிட்டு, கண்களைத் துடைத்துக்கொண்டு அமர்ந்துவிடுவது. ஆண்டவர்கள் நாமும் அல்லர், நம் முன்னோர்களும் அல்லர். ஆகவே அந்தப் பேச்சை இன்று நாம் பேசப் போவதில்லை. நாங்கள் கட்டிடங்களைப் பார்க்கத்தான் போனோம், பார்த்தோம். ஆனால் எங்களுக்கு வரலாற்றைச் சொல்லித் தந்தவை உணவு விடுதிகளும் வாய்க்கால்களுமே. அதைத்தான் பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம்.

முதலில் இறங்கிய நகரம் வலென்ஸியா. அரபிகள் பலன்ஸியா என்பார்கள். 1238இல் அரகோன் மன்னர் முதலாம் ஹைமேயின் கைக்குச் சென்ற நகரம். அங்கே தலைமைத் தேவாலயத்தின் வாயிலில், ஒவ்வொரு வியாழக்கிழமையும் நண்பகல் 12 மணிக்குத் தண்ணீர் நீதிமன்றம் கூடுகிறது. எட்டு வாய்க்கால்களின் விவசாயிகள் தேர்ந்தெடுத்த எட்டுப் பேர் கறுப்பு அங்கி அணிந்து வட்டமாக அமர்கிறார்கள். இன்ன வாய்க்காலில் குறை உண்டா என்று ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லிக் கேட்கிறார்கள். முறை தவறி நீர் பாய்ச்சியவன் மீது அங்கேயே விசாரணை; வாய்மொழியாகவே தீர்ப்பு. வழக்கறிஞர் கிடையாது, மேல்முறையீடு கிடையாது. 2009இல் யுனெஸ்கோ நிறுவனம் இதனை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது.

நாங்கள் சென்ற வியாழனன்று வழக்கு ஏதும் இல்லை. சில நிமிடங்களில் முடிந்துவிட்டது. எங்களுடன் வந்த இளைஞர்களுக்கு ஏமாற்றம். ஆனால் ஊசுட்டேரித் தண்ணீருக்கு மடை திறக்கும் முறையைப் பற்றி நடந்த சச்சரவுகளைப் பார்த்து வளர்ந்த பெரியவர் ஒருவர், "ஹஜ்ரத், கோர்ட்டுக்கு வேலையில்லாத கோர்ட்டுதான் நல்ல கோர்ட்டு" என்றார். வாய்க்காலுக்கு அவர்கள் சொல்லும் பெயர் அஸேக்கியா. அது நம் கிதாபுகளில் வரும் அஸ்ஸாக்கியாவே. அணைக்கு அஸூத்; அஸ்ஸுத்து. நீர்த்தொட்டிக்கு அல்ஹீபே, அல்ஜுப்பு. ஏற்றச் சக்கரத்துக்கு நோரியா, நாஊரா. ஊருக்கு வெளியே பெரிய ஏரி ஒன்று உண்டு. அதன் பெயர் அல்புஃபேரா, அதாவது அல்புஹைரா, சிறு கடல். அதன் கரையில்தான் நெல் விளைகிறது.

அந்த அரிசியில் சமைப்பதே பாயேயா என்னும் புகழ்பெற்ற உணவு. அகன்ற தட்டையான இரும்புச் சட்டியில், குங்குமப்பூவும் ஆலிவ் எண்ணெயும் சேர்த்து, மூடி போடாமல் வேகவைக்கிறார்கள். வலென்ஸியாவின் உண்மையான பாயேயாவில் கோழியும் முயலும் அவரை வகைகளும் சேரும். இறைச்சி ஹலாலாக அறுக்கப்பட்டதா என்று தெரியாத இடத்தில் அதை நாங்கள் தொடவில்லை. மீன் வேகவைத்த நீரிலேயே அரிசியைச் சமைத்துத் தரும் வகை ஒன்று உண்டு. அதைக் கேட்டு வாங்கினோம். சட்டியின் அடியில் பொன்னிறமாக ஒட்டியிருக்கும் சோற்றைச் சுரண்டித் தின்பதற்காக அவர்கள் வீட்டில் பிள்ளைகளுக்குள் போட்டி நடக்குமாம். பிரியாணித் தேக்சாவின் அடிச்சோற்றுக்கு நம் வீடுகளில் நடப்பதுதான்.

இங்கே உணவுப் பட்டியலைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்களில் ஒருவருக்கும் ஸ்பானிய மொழி தெரியாது. பாரிஸ் தம்பிக்குப் பிரெஞ்சு தெரியும். அது பாதி உதவியது. மீதிப் பாதிக்கு உதவியது மத்ரஸா! அரிசி அவர்களுக்கு அர்ரோஸ், அர்ருஸ்ஸு. சர்க்கரை அஸூகார்; அஸ்ஸுக்கர். எண்ணெய் அஸேய்தே, அஸ்ஸைத்து. ஆலிவ் காய் அஸேய்தூனா, அஸ்ஸைத்தூனா. குங்குமப்பூ அஸஃப்ரான். பசலைக்கீரை வகை எஸ்பினாக்கா. இறைச்சி உருண்டை அல்போந்திகா. கொட்டையளவு உருண்டை என்று பொருள்படும் அல்புந்துக்கா. தர்ப்பூசணி ஸந்தியா, ஸிந்து நாட்டுப் பழம் என்ற பொருள். இமாமைக் கூட்டிக்கொண்டு போனதால் ஒரு பயன் உண்டென்று தோழர்கள் அன்றுதான் ஒப்புக்கொண்டார்கள்.

இவற்றில் இரண்டு சொற்கள் நமக்கு இன்னும் நெருக்கமானவை. ஆரஞ்சுப் பழத்தை அவர்கள் நாரன்ஹா என்கிறார்கள். அரபியில் நாரஞ்சு, பாரசீகத்தில் நாரங், வடமொழியில் நாரங்கம். அதற்கும் மூலம் நம் தென்னாட்டு மொழிகளில் இருக்கிறது என்பது மொழியறிஞர் பலரின் முடிவு. நம் நாரத்தை அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. கத்தரிக்காயை பெரென்ஹேனா என்கிறார்கள். அரபியில் பாதிஞ்ஜான். அதன் மூலத்தைத் தேடிக்கொண்டு போனால் நம் பழந்தமிழில் கத்தரிக்குப் பெயராக இருந்த வழுதுணை என்ற சொல்லின் இனத்திடம் வந்து நிற்கலாம் என்கிறார்கள். நம் நாட்டிலிருந்து காயும் பழமும் பெயரோடு கப்பலேறி, பாரசீகம் தாண்டி, அரபி உழவர்களின் கைப்பிடித்து, ஐரோப்பாவின் மேற்கு முனைக்குப் போயிருக்கின்றன. பெயர் மட்டும் கொஞ்சம் தேய்ந்திருக்கிறது, அவ்வளவே.

அடுத்து குர்துபா. இன்று கொர்தோபா. இந்தப் பெயரைக் கேட்டவுடன் மத்ரஸாவில் ஓதியவர்களுக்கு நினைவு வருவது தஃப்ஸீர் ஆசிரியர் இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள். இந்நகரில் பிறந்த அவர்கள், ஊர் பறிபோன பின்னர் எகிப்து சென்று, 1273இல் அங்கேயே மறைந்தார்கள். இப்னு ருஷ்து அவர்களும் 1126இல் இங்கே பிறந்தவர்களே.

பெரிய பள்ளிவாசலை முதலாம் அப்துர் ரஹ்மான் 785இல் கட்டத் தொடங்கினார். இருநூறு ஆண்டுகளில் மும்முறை விரிவாக்கப்பட்டு, 987இல் தொடங்கிய மன்ஸூரின் விரிவாக்கத்தோடு இன்றைய அளவை எட்டியது. எண்ணூற்றைம்பதுக்கும் மேற்பட்ட தூண்கள் இன்றும் நிற்கின்றன. ஒன்றன்மேல் ஒன்றாக இரட்டை வளைவுகள். செங்கல்லும் வெண்கல்லும் மாறி மாறி. எந்தத் தூணருகே நின்று பார்த்தாலும் முடிவில்லாத ஸஃப்புகள்போல் வரிசைகள் நீள்கின்றன. 1236இல் நகரம் கைமாறியதும் பள்ளி தேவாலயமானது. ஆயினும் முந்நூறு ஆண்டுகள் வரை அதன் அமைப்பைப் பெரிதாகக் குலைக்கவில்லை. 1523இல்தான் நட்டநடுவே தூண்களை அகற்றிவிட்டு உயர்ந்த தேவாலயக் கூடம் ஒன்றை எழுப்பத் தொடங்கினார்கள். நகர மன்றமே அதை எதிர்த்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். எதிர்த்தவர்களும் கிறித்தவர்கள்தாம்.

மிஹ்ராபை நோக்கி நின்றபோது நாம் ஒன்றைக் கவனித்தோம். குர்துபாவிலிருந்து மக்கா ஏறத்தாழக் கிழக்கே, சற்றுத் தெற்காக இருக்கிறது. இந்த மிஹ்ராபோ பெரிதும் தெற்கு நோக்கி இருக்கிறது. ஏன் என்பதற்கு அறிஞர்கள் பல விளக்கங்கள் கூறுகிறார்கள். டமாஸ்கஸில் தாங்கள் இழந்த ஊரின் பள்ளி நோக்கிய திசையையே உமையாக்கள் இங்கும் வைத்தார்கள் என்பது அவற்றில் ஒன்று. நாடிழந்து ஓடிவந்தவர் கட்டிய பள்ளி அது என்பதை எண்ணும்போது அந்த விளக்கம் மனத்தைத் தொடுகிறது. உறுதி என்று கூற இயலாது.

அங்கே முஸ்லிம்கள் தொழ அனுமதி இல்லை. 2010இல் ஆஸ்திரியாவிலிருந்து வந்த சில இளைஞர்கள் உள்ளே தொழ முற்பட்டு, காவலர்களுடன் கைகலப்பாகிக் கைது வரை போனது. எங்களில் ஓர் இளைஞர், ஓரமாக நின்று இரண்டு ரக்அத் தொழுதுவிடலாமே என்று கேட்டார். வேண்டாம் என்றோம். நுழைவுச் சீட்டு வாங்கும்போதே அவர்களின் விதியை ஏற்றுக்கொண்டுதான் நுழைகிறோம்; ஏற்ற வாக்கை மீறிச் செய்கிற வணக்கத்தில் என்ன அழகு இருக்கிறது? பூமி முழுதும் தொழுமிடமாக இருக்கும் உம்மத்துக்கு இடத்துக்குப் பஞ்சமில்லை. வாதில் கபீர் என்று அரபிகள் அழைத்த ஆற்றின் கரையில், இன்று அதன் பெயர் குவாதல்கிவிர், ளுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழுதோம். அவ்வழியே நாயுடன் நடந்து சென்ற முதியவர் ஒருவர், நாங்கள் ஸலாம் கொடுக்கும் வரை நாயைச் சற்றுத் தொலைவில் பிடித்து நிறுத்திக்கொண்டு காத்திருந்தார். அந்த மரியாதையையும் இங்கே பதிவு செய்கிறோம்.

அன்று உண்ட உணவு கத்தரிக்காய் வறுவல். நீளவாக்கில் அரிந்து, மாவில் தோய்த்து எண்ணெயில் பொரித்து, மேலே கரும்புப் பாகு ஊற்றித் தருகிறார்கள். கத்தரிக்காய் பஜ்ஜிக்குப் பாகா என்று முதலில் எல்லோரும் தயங்கினார்கள். இரண்டாம் தட்டு கேட்டவர்களும் அவர்களே. கரும்பையும் அந்நாட்டுக்கு அரபிகளே கொண்டுவந்தார்கள். மாலகா மாவட்டத்தின் சிற்றூர் ஒன்றில் இன்றும் இந்தப் பாகைக் காய்ச்சுகிறார்கள். தக்காளியையும் ரொட்டியையும் பூண்டையும் ஆலிவ் எண்ணெயோடு அரைத்துச் செய்யும் குளிர்ந்த கூழ் ஒன்றும் இந்நகரின் சிறப்பு. அதற்கு ஸால்மொரேஹோ என்று பெயர். அதன் மேலே பன்றி இறைச்சித் துணுக்குகளைத் தூவித்தான் கொண்டு வருவார்கள். தூவ வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

பயணம் செல்லும் பிள்ளைகள் இதைக் கவனமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் அந்நாட்டில் போதாது. பல சமையல்காரர்களின் கணக்கில் ஹமோன் எனப்படும் உலர்த்திய பன்றித்தொடை இறைச்சியில் சேர்த்தியில்லை. அது ஏதோ உப்புப் போல! "சின் செர்தோ" என்றால் பன்றி இல்லாமல். "சின் ஹமோன்" என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். "சின் வீனோ" என்றால் மது இல்லாமல். குழம்புகளில் மது சேர்ப்பது சாதாரணம். இன்னொன்று: மான்தெக்கீயா என்றால் வெண்ணெய், மான்தேக்கா என்றால் பெரும்பாலும் பன்றிக் கொழுப்பு. ஓர் எழுத்துக் கூட்டத்தில் ஹலாலும் ஹராமும் மாறிவிடுகின்றன. மான்தெக்காதோ என்று கடைகளில் அழகாக அடுக்கியிருக்கும் இனிப்பு இந்தக் கொழுப்பில்தான் செய்யப்படுகிறது. காலைச் சிற்றுண்டிக்குக் கவலையே இல்லை. சுட்ட ரொட்டியின் மேல் பூண்டைத் தேய்த்து, அரைத்த தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் ஊற்றித் தருவார்கள். நம் புதுச்சேரி ரொட்டிக் கடைகளின் நீள ரொட்டியில் பழகிய நாக்குக்கு அது மிகவும் பிடித்துப் போனது. மூன்றாம் நாள் ரசம் கேட்டவர் ஒருவர் உண்டு. அவர் யார் என்று இங்கே சொல்ல மாட்டோம்.

குர்துபாவிலிருந்து ரயிலில் இஷ்பீலியா சென்று அன்றே திரும்பினோம். இன்று அது செவீயா. முவஹ்ஹிதீன்கள் 1184இல் தொடங்கி 1198இல் முடித்த பள்ளி மினாரா இன்று ஹிரால்தா என்ற பெயரில் தேவாலய மணிக்கூண்டாக நிற்கிறது. உள்ளே படிகளுக்குப் பதிலாக 35 சாய்தளங்கள். முஅத்தின் குதிரையிலேயே உச்சிக்குப் போவாராம். முழங்கால் வலியுள்ளவர்கள்கூட ஏறிவிட்டார்கள். தெருவெங்கும் கசப்பு ஆரஞ்சு மரங்கள். அக்டோபரில் காய்கள் பச்சையாக இருந்தன. பசலையும் கொண்டைக்கடலையும் சீரகம் போட்டுச் சமைத்த உணவு ஒன்று அந்நகருக்கே உரியது. கண்ணை மூடிக்கொண்டு உண்டால் நம் வீட்டுக் கூட்டு.

மறுநாள் பேருந்தில் கர்னாதா புறப்பட்டோம். வழி ஹயேன் மாவட்டத்தின் ஓரமாகச் செல்கிறது. பார்க்கும் திசையெல்லாம் ஆலிவ் மரங்கள். அம்மாவட்டத்தில் மட்டும் ஆறு கோடிக்கும் மேற்பட்ட மரங்கள் உண்டு. ஹயேன் என்பதை அரபியில் எழுதினால் ஜய்யான். நாம் மத்ரஸாவில் மனனம் செய்து, உஸ்தாதிடம் ஒப்பிக்க முடியாமல் விழித்த அல்ஃபிய்யா இருக்கிறதே, அதை இயற்றிய இப்னு மாலிக் (ரஹ்) இந்த ஜய்யான்காரர்! அரபி இலக்கணத்தை ஆயிரம் அடிகளில் அடக்கிய அந்த மேதை 1274இல் டமாஸ்கஸில் மறைந்தார். கிராஅத் கலையில் ஷாதிபிய்யா தந்த இமாம் ஷாதிபீ (ரஹ்) வலென்ஸியாவுக்கு அருகிலுள்ள ஷாதிபா ஊர்க்காரர். தமிழகத்துச் சிற்றூர் மத்ரஸாக்களில் பிள்ளைகளின் வாயில் இவர்கள் வாழ்கிறார்கள். இவர்கள் பிறந்த ஊர்களில் இவர்களை ஓதுவார் இல்லை. பேருந்தில் அன்று நீண்ட நேரம் நாம் யாரோடும் பேசவில்லை.

இனி கர்னாதா. அல்ஹம்ராவைப் பற்றிப் படங்களில் நிறையப் பார்த்திருப்பீர்கள். உள் அரண்மனைகளுக்கு நேரம் குறித்த சீட்டு. முன்கூட்டியே பதிவு செய்யாவிட்டால் கிடைக்காது. கடவுச்சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும். தார்ரோ ஆற்றிலிருந்து சுமார் 6 கிலோமீட்டர் தூரம் மலைச்சரிவில் வாய்க்கால் வெட்டி, மேட்டிலுள்ள கோட்டைக்கு நீரைக் கொண்டுவந்திருக்கிறார்கள். எங்களை வியக்க வைத்தது அதுவே. சுவரெங்கும் "வலா காலிப இல்லல்லாஹ்", அல்லாஹ்வையன்றி வெற்றியாளன் இல்லை என்ற வாசகம். அந்த வாசகத்தைத் தம் சின்னமாகக் கொண்ட வம்சத்தின் முதல் மன்னர், 1248இல் இஷ்பீலியாவை முற்றுகையிட்ட காஸ்டீல் மன்னருக்குக் குதிரைப்படை அனுப்பி உதவியவர். கப்பமும் கட்டியவர். சுவரில் எழுதியது ஒன்று, நடந்துகொண்டது ஒன்று. அரசர்களின் கதை பெரும்பாலும் இப்படித்தான். மேடையில் இதைச் சொன்னால் சிலருக்கு வருத்தம் வரும். வரலாறு அப்படித்தான் இருக்கிறது.

அரசர்கள் போன பின்னரும் மக்கள் இருந்தார்கள். அவர்களைப் பற்றித்தான் நாம் பேச வேண்டும். 1491 நவம்பரில் எழுதப்பட்ட உடன்படிக்கை, முஸ்லிம்களின் மார்க்கத்துக்கும் பள்ளிகளுக்கும் காஜிகளுக்கும் பாதுகாப்பு அளித்தது. 1492 ஜனவரி 2 அன்று நகரம் ஒப்படைக்கப்பட்டது. பத்தாண்டுகூட அந்த வாக்கு நிற்கவில்லை. 1499 இறுதியில் பேராயர் சிஸ்நேரோஸ் வந்தார். கட்டாய மதமாற்றம் தொடங்கியது. பாபுர் ரம்லா சதுக்கத்தில் அரபி நூல்கள் குவித்து எரிக்கப்பட்டன. மருத்துவ நூல்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டார்கள். 1502இல் காஸ்டீல் முழுவதற்கும், 1526க்குள் வலென்ஸியாவுக்கும் அரகோனுக்கும் மதமாற்றக் கட்டளை விரிந்தது. அந்தச் சதுக்கம் இன்று பூக்கடைகளும் சிற்றுண்டிக் கடைகளும் நிறைந்த இடம். நாங்களும் அங்கே அமர்ந்து எண்ணெயில் பொரித்த சுர்ரோ தின்றோம். தின்றுகொண்டிருக்கும்போதுதான் பாரிஸ் தம்பி கைப்பேசியில் படித்துவிட்டு, இந்த இடம்தான் அது என்றார். யாருக்கும் அதன்பின் இறங்கவில்லை.

அதன் பிறகு அந்த மக்களைப் பிடித்துக் கொடுத்தது எது தெரியுமா, தாய்மார்களே? அடுப்படி. விசாரணை மன்றங்கள் எதைக் கண்டால் புகார் செய்ய வேண்டும் என்று ஊருக்கு அறிவித்தன. பன்றி உண்ணாதவர், மது அருந்தாதவர், தரையில் அமர்ந்து உண்பவர், கிப்லா நோக்கி அறுப்பவர், வெள்ளியன்று துவைத்த ஆடை உடுத்துபவர், மருதாணி இட்டவர், குஸ்குஸ் சமைத்துக் கூடி உண்பவர் என்று பட்டியல் நீண்டது. பன்றிக் கொழுப்பு மணக்காமல் ஆலிவ் எண்ணெய் மணக்கும் வீடு சந்தேகத்துக்கு உரியதாயிற்று. தெருவுக்கு மணம் போய்விடும் என்று அஞ்சிச் சமைத்த பெண்களை எண்ணிப் பாருங்கள். அன்று குற்றத்துக்குச் சாட்சியாக இருந்த அதே ஆலிவ் எண்ணெயைத்தான் இன்று அந்நாடு தன் பெருமையாக உலகெங்கும் விற்கிறது.

1504ஆம் ஆண்டில், ஹிஜ்ரி 910இல், வஹ்ரானி என்ற மாலிக்கி முஃப்தி அந்த மக்களுக்கு ஒரு ஃபத்வா எழுதி அனுப்பினார். மார்க்கச் சட்டம் கற்ற ஒவ்வொருவரும் படிக்க வேண்டிய ஃபத்வா அது. தொழ முடியாவிட்டால் சைகையால் தொழுங்கள். நீராட முடியாவிட்டால் கடலில் இறங்கியேனும் நிறைவேற்றுங்கள். பன்றியைத் தின்னக் கட்டாயப்படுத்தினால் உள்ளத்தால் வெறுத்து, ஹராம் என்று நம்பியவர்களாகத் தின்றுவிடுங்கள் என்ற கருத்தில் அவர் எழுதினார். வேறு முஃப்திகள் கடுமையாக, நாட்டைவிட்டு ஹிஜ்ரத் செல்வதே கடமை என்றார்கள். கப்பலுக்குப் பணமில்லாத ஏழை எங்கே போவான்? வஹ்ரானி அந்த ஏழையை மனத்தில் வைத்து எழுதினார் என்றே நாம் கருதுகிறோம்.

1567இல் அரபி மொழிக்கும், ஆடைக்கும், குளியலறைகளுக்கும் தடை வந்தது. நூன்யெஸ் முலே என்ற முதியவர், கிழக்கே அரபி பேசுகிற கிறித்தவர்கள் இல்லையா, மொழியும் உடையும் மதமாகுமா என்று வாதாடி மனு எழுதினார். ஏற்கப்படவில்லை. 1568இல் மலைப்பகுதியில் கிளர்ச்சி வெடித்து 1571 வரை நடந்தது. முடிவாக 1609 முதல் 1614 வரை மூன்று இலட்சம் பேர் அளவில் நாடு கடத்தப்பட்டார்கள்.

இடையில் ஒரு நூறாண்டு அவர்கள் எப்படி மார்க்கத்தைக் காத்தார்கள்? அரபி மொழி மறந்துபோனது, எழுத்து மறக்கவில்லை. ஸ்பானிய மொழியை அரபி எழுத்தில் எழுதிக்கொண்டார்கள். அதற்கு அல்ஹமியாதோ என்று பெயர். 1884இல் ஸரகோஸா மாவட்டத்தில் அல்மொனாஸித் என்ற ஊரில் பழைய வீடு ஒன்றை இடித்தபோது, இரட்டைத் தளத்தின் நடுவே மறைத்து வைக்கப்பட்ட கிதாபுகள் கட்டுக்கட்டாகக் கிடைத்தன. விவரம் தெரியாமல் சிலவற்றை எரித்தும் விட்டார்கள். எஞ்சியவை மத்ரித் நகரில் பாதுகாக்கப்படுகின்றன. தொழுகை முறை, துஆக்கள், நபிமார் வரலாறு எல்லாம் அவற்றில் உண்டு. பெரும்பாலும் வீட்டுப் பெண்களே பிள்ளைகளுக்கு இவற்றைச் சொல்லித் தந்தார்கள் என்பதை விசாரணை மன்றத்தின் ஆவணங்களே காட்டுகின்றன.

இதைக் கேட்கும்போது நம் அரபுத் தமிழ் உங்களுக்கு நினைவு வந்திருக்கும். நம் பாட்டிமார்கள் தமிழை அரபி எழுத்தில் ஓதினார்கள், எழுதினார்கள். யாரும் அவர்களைத் துரத்தவில்லை. கிதாபைத் தளத்துக்கு அடியில் ஒளிக்க வேண்டிய தேவையும் வரவில்லை. ஆனால் இன்று நம் மஹல்லாவில் அரபுத் தமிழை வாசிக்கத் தெரிந்தவர்கள் எத்தனை பேர்? அங்கே அச்சத்தில் ஒளித்து வைத்தது கிடைத்துவிட்டது. இங்கே பரணில் சும்மா போட்டு வைத்தது கரையானுக்குப் போகிறது. நம்மிடம் வந்த சில வீட்டார், பழைய கிதாபுகளைக் கிணற்றில் போடலாமா, புதைக்கலாமா என்று கேட்டிருக்கிறார்கள். ஓதத் தெரியாத கிதாபை வைத்திருப்பது பாவமோ என்ற அச்சம் அவர்களுக்கு. பாவமில்லை. தயவுசெய்து போடாதீர்கள்.

கர்னாதாவின் அல்பைஸின் மேட்டில், அல்ஹம்ராவுக்கு நேரெதிரே, 2003 ஜூலையில் ஒரு பள்ளிவாசல் திறக்கப்பட்டது. ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்குப் பிறகு அந்நகரில் புதிதாகக் கட்டப்பட்ட பள்ளி. இஸ்லாத்தைத் தழுவிய ஸ்பானிய மக்களே முன்னின்று, இருபதாண்டுகளுக்கும் மேலாகப் போராடிக் கட்டினார்கள். ஒலிபெருக்கி இல்லை, மினாராவில் நின்று வாயாலேயே பாங்கு சொல்கிறார்கள். அங்கே ஜும்ஆ தொழுதோம். எங்கள் பக்கத்தில் அமர்ந்திருந்தவர் நாங்கள் எந்த நாடு என்று கேட்டார். இந்தியா, புதுச்சேரி என்றோம். மீண்டும் வருவீர்களா என்றார். இன்ஷா அல்லாஹ் என்றோம். அவரோ சிரித்துக்கொண்டே "ஓஹலா" என்றார். அந்நாட்டில் முஸ்லிம் அல்லாதவர்களும் நாள்தோறும் சொல்லும் சொல் அது. அல்லாஹ் நாடினால் என்ற நம் சொல்தான் தேய்ந்து அப்படி ஆகியிருக்கிறது. தொழுகை முடிந்து கீழே இறங்கும் கால்தெரேரியா தெருவில் மொராக்கோ நாட்டவரின் ஹலால் விடுதிகள் உண்டு. எட்டு நாட்களுக்குப் பிறகு அன்றுதான் மனநிறைவோடு இறைச்சி உண்டோம்.

பிரான்ஸுக்குப் பிள்ளைகளை அனுப்பும் பெற்றோர்களுக்கு: மேலே நாம் சொன்ன ஸ்பானியச் சொற்களையும், அவற்றோடு பிரெஞ்சில் கேட்க வேண்டிய சொற்களையும் தமிழ் எழுத்தில் ஒரு தாளில் எழுதிப் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறோம், படியெடுத்துக்கொள்ளலாம். வீட்டில் அரபுத் தமிழ்க் கிதாபுகளோ கையேடுகளோ வைத்திருப்பவர்கள் இஷா தொழுகைக்குப் பின் கொண்டுவந்து காட்டினால், அதில் என்ன இருக்கிறது என்று ஓதிச் சொல்கிறோம். அசலை நீங்களே திரும்ப எடுத்துச் செல்லலாம். ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடித்து வைக்க மத்ரஸா மாணவர்கள் ஆயத்தமாக இருக்கிறார்கள். பயணச் செலவு, விசா விவரம் கேட்க விரும்புவோர் எங்களோடு வந்த இளைஞர்களைக் கேளுங்கள். அந்தக் கணக்கு நம்மிடம் இல்லை.

வஸ்ஸலாம்.